தோளில் வலி, நெஞ்சில் வலி – இளம் வயதில் வந்தால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் அல்ல. தென் மத்திய ரயில்வேயின் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமோக்காரன். ரயில்வே ஊழியர்களுக்கு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவிப் பயிற்சி உண்டு. அதில் தொற்றிக்கொண்ட ஆர்வத்தால் மருத்துவ விஷயங்களைத் தேடிப் படிப்பதும், தெரிந்த டாக்டர்களைத் துளைத்தெடுப்பதும் என் பழக்கம். எனவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே வைத்தியம் பார்க்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் என்ன யோசிக்கிறார், ஏன் அத்தனை கேள்வி கேட்கிறார் என்று தெரிந்துகொண்டால் நாம் போக வேண்டிய நேரத்தில் போவோம், சொல்ல வேண்டியதைச் சொல்வோம். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

நம் வீடுகளில் நெஞ்சுவலி என்ற சொல்லே கிடையாது. "வாயுப் பிடிப்பு", "நெஞ்சு கரிக்கிறது", "தோள்பட்டையில் சுளுக்கு" என்றுதான் சொல்வோம். அறுபது வயதுக்காரர் சொன்னாலாவது வீட்டில் நாலு பேர் பயப்படுவார்கள். மாதாப்பூரிலோ கச்சிபௌலியிலோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இருபத்தாறு வயதுப் பையன் சொன்னால், "ராத்திரி பிரியாணி சாப்பிட்டாயா?" என்ற கேள்வியோடு ஓமத் தண்ணீர் வந்துவிடும். பத்துக்கு எட்டுத் தடவை அது சரியாகவும் போய்விடும். மிச்சம் இரண்டு தடவையைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன்.

எங்கள் சிக்னல் இலாகாவில் பழுதுகளை இரண்டாகப் பிரிப்போம். வண்டி இல்லாதபோதும் சிக்னல் சிவப்பிலேயே நின்றுவிட்டால் அது ரைட் சைட் ஃபெயிலியர். வண்டிகள் தாமதமாகும், கண்ட்ரோல் ரூமில் திட்டு விழும், ஆனால் உயிர்ச்சேதம் இல்லை. முன்னால் வண்டி நிற்கும்போது பச்சை எரிந்தால் அது ராங் சைட் ஃபெயிலியர். அப்படி ஒன்று நடந்தால் அந்த ரிலே ரூமையே பூட்டி சீல் வைத்து விசாரணை நடத்துவார்கள். நல்ல அவசர சிகிச்சை டாக்டரும் இதே கணக்கில்தான் யோசிக்கிறார். தசைப்பிடிப்புக்காரரை ஒரு நாள் வைத்துக் கவனித்து அனுப்பினால் பணமும் நேரமும் போகும். மாரடைப்புக்காரரை "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் போவது ஆள். அதனால் அவர் முதலில் கேட்பது "இது என்ன வியாதி?" என்ற கேள்வி அல்ல. "இன்று இவரைக் கொல்லக்கூடியது எது? அது இல்லை என்று எப்படி உறுதி செய்வது?" என்பதுதான்.

அடுத்து, நெஞ்சுக்குள் இருக்கும் பழுது தோளில் ஏன் வலிக்க வேண்டும்? பேனலில் விளக்கு எரிகிற இடம் ஒன்று, பழுது இருக்கிற இடம் வேறு என்பது சிக்னல்காரனுக்குப் பழகிப்போன விஷயம். இரண்டு சர்க்யூட்டுகளின் கம்பிகள் ஒரே டெர்மினல் பெட்டிக்கு வந்தால், உள்ளே எங்கே கசிந்தாலும் பேனலில் ஒரே விளக்குதான் எரியும். உடம்பிலும் அப்படியே. இதயத்திலிருந்து வரும் வலி நரம்புகள் முதுகுத்தண்டில் சேருகிற அதே மட்டத்தில்தான் மார்பு, இடது கையின் உட்புறம் ஆகிய இடங்களின் நரம்புகளும் சேருகின்றன. மூளைக்கு இதயத்தைவிடக் கையும் தோளும்தான் அன்றாடம் பழக்கம். ஆகவே "கை வலிக்கிறது" என்று அது முடிவு கட்டிவிடுகிறது.

இன்னொரு கம்பி இதைவிட விசித்திரமானது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே தடுப்பாக இருக்கும் உதரவிதானம் என்ற தசை, கரு வளரும்போது கழுத்துப் பக்கம் தோன்றிப் பிறகு கீழே இறங்குகிறது. இறங்கும்போது தன் நரம்பையும் இழுத்துக்கொண்டே வந்துவிடுகிறது. அந்த ஃபிரெனிக் நரம்பு புறப்படுவது கழுத்தின் 3, 4, 5ஆம் மட்டங்களில். தோள் முனைத் தோலுக்கு வரும் நரம்பும் ஏறக்குறைய அதே இடம். உதரவிதானத்தின் அடியில் ரத்தமோ சீழோ காற்றோ தேங்கி அதை உறுத்தினால் நோயாளி தோள் முனையைக் காட்டுவார். தோளை அமுக்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. கோளாறு ஒரு முழம் கீழே, வயிற்றில் இருக்கும்.

இதற்கு அண்மையில் உலகமே பார்த்த ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் 25 அன்று சிட்னியில் ஆஸ்திரேலியாவுடன் மூன்றாவது ஒருநாள் ஆட்டம். பின்னோக்கி ஓடி அலெக்ஸ் கேரியின் கேட்சைப் பிடித்த ஷ்ரேயஸ் ஐயர் இடது பக்கம் தரையில் மோதி விழுந்தார். வயது 30, உடம்பு இரும்பு. பார்த்தவர்களெல்லாம் விலாவில் அடி என்றுதான் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததும் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிவது தெரிந்தது. உடனே சிகிச்சை செய்து ரத்தக்கசிவை நிறுத்தியதால், ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பக்கூடிய நிலைக்கு வந்துவிட்டார். மண்ணீரல் வயிற்று உறுப்பு என்றாலும் அது ஒளிந்திருப்பது இடது புறம் 9 முதல் 11ஆம் விலா எலும்புகளுக்கு உள்ளே. அங்கே பட்ட அடியை ஆள் "நெஞ்சில் அடி" என்றுதான் சொல்வார். கசிந்த ரத்தம் உதரவிதானத்தைத் தொட்டால் இடது தோள் முனையில் வலி வரும். இதைக் கேர் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவரின் பெயரால் கேர் அறிகுறி என்கிறார்கள். படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் இந்த வலி கூடும்.

நம் ஊரில் இதற்குக் கிரிக்கெட் மைதானம் தேவையில்லை, பைக் போதும். ஹேண்டில் பார் இடது விலாவுக்குக் கீழே குத்தி, "ஒன்றும் ஆகவில்லை அங்கிள்" என்று எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு போன பையன், இரண்டு மணி நேரம் கழித்து வெளிறிப்போய், தலை சுற்றி, இடது தோளைப் பிடித்துக்கொண்டால் வலித் தைலத்தைத் தேடாதீர்கள். நாடி வேகம், ரத்த அழுத்தம், வயிற்றுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட். இந்த மூன்றும் உடனே வேண்டும்.

பெண் பிள்ளைகள் உள்ள வீட்டார் இதைக் கூச்சப்படாமல் படிக்க வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போன இளம் பெண்ணுக்கு அடிவயிற்று வலியோடு தோள் முனையும் வலித்து, மயக்கம் வந்தால் அதுவும் இதே கம்பிதான். கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் நிறைகிறது. இது உயிர் போகும் அவசரம். டாக்டர் "கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா?" என்று கேட்டால் மாமியார் முன்னால் பதில் வராது. அதனால் விவரமான டாக்டர்கள் கேட்பதோடு விடாமல், தனியாகப் பேசிவிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுவார்கள். அதைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இனி நெஞ்சுக்கூட்டுக்குள் வருவோம். பழைய வாக்குவம் பிரேக் நினைவிருக்கிறதா? எஞ்சினிலிருந்து கார்டு வண்டி வரை ஒரு குழாய், அதற்குள் வாக்குவம். வழியில் எங்கே குழாய் விட்டாலும் வெளிக்காற்று புகுந்து பிரேக் பிடித்து வண்டி நின்றுவிடும். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு. அவற்றின் நடுவே வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் இருப்பதால்தான் நுரையீரல் விரிந்து நிற்கிறது. நுரையீரலின் மேல் ஓரத்தில் ஒரு சின்னக் கொப்புளம் வெடித்தால் அந்த இடைவெளியில் காற்று புகுந்துவிடும், நுரையீரல் பலூன் மாதிரி சுருங்கிவிடும். வண்டியில் இது உயிரைக் காக்கும் ஏற்பாடு, மார்பில் நேர் எதிர். இதைக் காற்று மார்பு என்கிறார்கள், டாக்டர்கள் நியூமோதோராக்ஸ் என்பார்கள். இது விரும்பித் தேடி வருவது யாரை என்றால் உயரமாக, ஒல்லியாக, வாலிபமாக இருக்கும் ஆண்களைத்தான். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் சௌகரியம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஆறடிப் பையன் ஒருவனுக்கு உட்கார்ந்திருக்கும்போதே வலது மார்பிலும் தோளிலும் கத்தியால் குத்தியதுபோல் வலி. மூச்சை இழுத்தால் கூடியது. முதல் நாள் ஜிம்முக்குப் போயிருந்தான் என்பதால் சுளுக்கு என்றே எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். அவசரப் பிரிவில் இருந்த இளம் லேடி டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். இடப்பக்கம் மூச்சு ஓசை கேட்டது, வலப்பக்கம் நிசப்தம். விரலால் தட்டிப் பார்த்தால் காலிப் பானை போல் ஒலி. எக்ஸ்ரேயில் நுரையீரல் பாதி சுருங்கியிருந்தது. குழாய் போட்டுக் காற்றை வெளியேற்றினார்கள், பையன் சில நாட்களில் வீடு திரும்பினான். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக் கேட்பதற்கு ஆன நேரம் ஒரு நிமிஷம். காற்று புகுந்துகொண்டே இருந்து வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறினால் இதயத்தையே நெருக்கிவிடும். அந்த நிலையில் எக்ஸ்ரேக்குக்கூடக் காத்திராமல் ஊசியைக் குத்திக் காற்றை விட வேண்டியிருக்கும்.

இப்போது எல்லோரும் பயப்படுகிற விஷயம், இதயம். "இந்த வயசில் ஹார்ட்டா?" என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. சராசரியே ஆறு வருஷம் முன்னால் என்றால், நாற்பதுகளிலும் முப்பதுகளிலும் எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் தோல் மருத்துவராகவும் நடிகராகவும் இருந்த டாக்டர் சேதுராமன் 2020 மார்ச்சில் மறைந்தபோது வயது 36. 2021 அக்டோபர் 29 அன்று பெங்களூரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் மறைந்தபோது 46. அவர் பிறந்தது நம் சென்னையில். நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று முதலில் குடும்ப டாக்டரிடம் போனார், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார், காப்பாற்ற முடியவில்லை. நம் ஹைதராபாத்திலேயே 2022 பிப்ரவரி 21 அன்று ஆந்திர அமைச்சர் மேகபாட்டி கௌதம் ரெட்டி காலையில் வீட்டில் சுருண்டு விழுந்தார், வயது 50.

பாடகர் கே.கே. தமிழிலும் பல பாட்டுகள் பாடியவர். 2022 மே 31 அன்று கொல்கத்தாவில் மேடைக் கச்சேரி முடிந்து ஓட்டலுக்குத் திரும்பியதும் மறைந்தார், வயது 53. தோளும் கையும் வலிக்கிறது என்று அவர் தம் மனைவியிடம் ஃபோனில் சொல்லியிருந்ததாகவும், வாயு மாத்திரைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகவும் பத்திரிகைகளில் செய்தி வந்தது. பிரேதப் பரிசோதனையில் இதயத்தின் முக்கிய இடது ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருந்தது தெரிந்தது. தோள் வலி, வாயு மாத்திரை என்ற இரண்டும் நம் வீட்டு அலமாரியிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் அதே கொல்கத்தாவில் உண்டு. 2021 ஜனவரி 2 அன்று சௌரவ் கங்குலிக்கு உடற்பயிற்சியின்போது நெஞ்சில் அசௌகரியம். வயது 48. தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றே அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள், அதே மாதக் கடைசியில் இன்னும் இரண்டு. இன்றும் நடமாடிக்கொண்டிருக்கிறார். ஸ்டென்ட் என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. நம் ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாமும் இந்த ஊர் இதய மருத்துவர் சோமராஜுவும் 1990களில் சேர்ந்து குறைந்த விலையில் ஒரு ஸ்டென்ட் உருவாக்கினார்கள். கலாம்-ராஜு ஸ்டென்ட் என்று பெயர். ஏவுகணைக்காரர் ஏன் நெஞ்சுக்குள் வந்தார் என்று கேட்டால், இரண்டுமே உலோகக் கணக்குத்தானே.

அவசரப் பிரிவில் இதயத்தைப் பற்றிய சந்தேகம் எப்படித் தீர்கிறது? போனவுடன், பத்து நிமிஷத்துக்குள், ஒரு இ.சி.ஜி. இது வயது பார்த்துச் செய்வதல்ல. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: முதல் இ.சி.ஜி. சரியாக இருப்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. டிராக் சர்க்யூட் நீங்கள் மீட்டர் வைக்கிற நிமிஷத்தில் ஒழுங்காகக் காட்டிவிட்டு, முதுகைத் திருப்பியதும் விழும். அதுபோலத்தான். வலி நீடித்தால் இ.சி.ஜி.யைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். அதோடு ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை. இதயத் தசை சேதப்பட்டால் அது ரத்தத்தில் கசியும், ஆனால் உடனே அல்ல, சில மணி நேரம் எடுக்கும். ஆகவே வந்ததும் ஒரு தடவை, இடைவெளி விட்டு இன்னொரு தடவை. இரண்டாவது தடவை ஊசி எடுத்துக்கொண்டு வரும்போது "பில்லை ஏற்றுகிறார்கள்" என்று சண்டை போடுகிற உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் அந்தச் சந்தேகம் நியாயமில்லை.

இ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்தாலும் இளைஞர்களிடம் எல்லாம் அடைப்பு என்று சொல்லிவிட முடியாது. வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகு இதயத்தின் மேலுறையிலோ தசையிலோ அழற்சி வரலாம். மேலுறை அழற்சியில் மல்லாந்து படுத்தால் வலி கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, பை மாட்டுகிற மேட்டில் வலிப்பது இதன் தனி முத்திரை. நாள் கணக்கில் உட்கார்ந்தே இருந்தவர், காலில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தவர், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண் ஆகியோருக்கு ஒரு கால் வீங்கி, திடீரென்று மூச்சுத் திணறினால் காலிலிருந்து ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். முதுகுவரை கிழிப்பதுபோல் வலித்து, இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் வித்தியாசமாக இருந்தால் மகாதமனியின் சுவர் பிளந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வலது தோள், வலது முதுகு என்றால் பித்தப்பைக் கல்லும் கணக்கில் வரும். தசைப்பிடிப்பு என்ற தீர்ப்பு கடைசியில்தான். கையைத் தூக்கினால், ஒரு விரலால் அமுக்கினால் வலிக்கிறது என்பது தசைக்குச் சாதகமான சாட்சி. ஆனால் அந்த ஒரே சாட்சியை வைத்து வழக்கை முடித்துவிடக் கூடாது.

மாத்திரை விஷயம். மாரடைப்பு என்றால் ஆஸ்பிரின் நல்ல மருந்து. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கர்நாடகத்தில் புனீத் பெயரிலேயே ஒரு திட்டம் வந்து, தாலுகா ஆஸ்பத்திரிகளில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் விலை உயர்ந்த டெனெக்டிபிளேஸ் ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். ஆனால் உள்ளே மண்ணீரல் கிழிந்திருப்பவருக்கோ, மகாதமனி பிளந்திருப்பவருக்கோ இதே ஆஸ்பிரினைக் கொடுத்தால் எரிகிற வீட்டில் எண்ணெய்தான். அப்பாவின் சார்பிட்ரேட்டை மகனின் நாக்குக்கடியில் வைப்பதும் அப்படியே. அழுத்தம் ஏற்கெனவே குறைந்திருந்தால் ஆளை வீழ்த்திவிடும். எனவே 108க்கு ஃபோன் செய்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள். இந்தச் சேவை 2005இல் தொடங்கியதே நம் ஹைதராபாத்தில்தான். வலிக்கிறவரைப் பைக்கின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகாதீர்கள். வண்டியிலேயே மயங்கினால் இருவரும் விழுவீர்கள். ஆள் நினைவிழந்து, மூச்சும் நின்றுவிட்டால் நடு மார்பில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தியாவில் 89 ஆஸ்பத்திரிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து எடுத்த கிரியேட் என்ற கணக்கெடுப்பு 2008இல் வெளிவந்தது. அதில் வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க ஆன நேரத்தின் நடு அளவு 360 நிமிஷம். அதாவது பாதிப் பேர் ஆறு மணி நேரத்துக்கும் மேல் வீட்டிலோ வழியிலோ கழித்திருக்கிறார்கள். உள்ளே போன பிறகு கரைக்கும் ஊசி போட ஆனது 50 நிமிஷம். ஊசி போட டாக்டர்கள் தாமதித்தார்கள் என்று குறை சொல்லுமுன் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம்மைப் போன்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு தாமதமும் உண்டு, அது பாஷை. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியோ, புதிதாகக் குடிவந்த மருமகளோ தனியாக இருக்கும்போது வலி வந்தால் என்ன சொல்வார்கள்? சில வார்த்தைகளை எழுதி ஃபோன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். நெஞ்சுவலிக்கு "குண்டெ நொப்பி". குண்டெ என்றால் இதயம். தோள், நம் பழைய தமிழிலும் இருக்கும் "புஜம்"தான். இடது "எடம", வலது "குடி". வியர்வை "செமட". மூச்சு முட்டுகிறது என்பதற்கு "ஊபிரி ஆடட்லேது". தலைசுற்றலுக்கு "கள்ளு திருகுதுன்னாயி" என்பார்கள். கள்ளு என்றால் கண்கள். "குடி புஜம் நொப்பி, கள்ளு திருகுதுன்னாயி" என்று நர்ஸ் எழுதிக்கொள்வதைக் கேட்டு, பையன் மேல் யாரும் வேறு சந்தேகம் கொள்ள வேண்டாம். பழைய இ.சி.ஜி. இருந்தால் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், புதியதோடு ஒப்பிட டாக்டருக்கு மிகவும் உதவும். பிறகு அவர் "எப்பட்நுஞ்சி?" என்று கேட்பார். எப்போதிலிருந்து என்று அர்த்தம். "காலையிலிருந்து" என்று பொதுவாகச் சொல்லாமல், கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சொல்லுங்கள்.